மௌனப் படத்துக்குத் தமிழ் எழுத்து: நோட்பேடு போதும்!

உங்கள் வீட்டில் காது மந்தமான பெரியவர் யாராவது இருக்கிறாரா? அப்படியானால் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியது நீங்கள், பலனை அனுபவிக்கப் போவது அவர்.

கல்மண்டபத்தில் எங்கள் கீழ் வீட்டு மாமா பல வருடம் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். சம்மட்டிச் சத்தம் காதைப் பதம் பார்த்துவிட்டது. தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். ஆனால் டிவியில் காமெடி வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். எல்லோரும் சிரிக்கும்போது காரணம் தெரியாமல் உட்கார்ந்திருப்பது கஷ்டம் அல்லவா? தமிழ் நிகழ்ச்சிகளுக்குத் தமிழிலேயே எழுத்து வருவதும் அபூர்வம். அவருக்காகத்தான் அமெரிக்க மௌனப் படங்களின் பக்கம் போனேன். அவை வசனத்தை நம்பி எடுக்கப்பட்டவை அல்ல.

எந்தப் படம் பார்க்கலாம்?

கௌபாய், கேங்ஸ்டர், கத்திச்சண்டை என்று ஹாலிவுட் இன்றும் எடுக்கும் ரகங்கள் பலவும் மௌனப் பட நாட்களிலேயே தொடங்கிவிட்டன. ஆனால் முதலில் காமெடியைப் பாருங்கள். பட்டினியில் சாப்ளின் ஷூவை வேகவைத்துத் தின்னும் 'தி கோல்டு ரஷ்' (1925), கட்டடத்தின் கடிகார முள்ளைப் பிடித்து ஹெரால்டு லாயிட் தொங்கும் 'சேஃப்டி லாஸ்ட்' (1923), ரயில் இன்ஜினை வைத்தே பஸ்டர் கீட்டன் சிரிக்க வைக்கும் 'தி ஜெனரல்' (1926) ஆகியவை நல்ல தேர்வு.

முதல் முயற்சிக்கு நான் எடுத்தது கீட்டனின் 'ஒன் வீக்' (1920). சுமார் இருபது நிமிடப் படம். கல்யாணப் பரிசாக ஒரு ஜோடிக்குப் பெட்டி பெட்டியாக வீடு வருகிறது. பகையாளி ஒருவன் பெட்டிகளின் எண்ணை மாற்றிவிட, வீடு கோணல்மாணலாக எழும்புகிறது.

எங்கே கிடைக்கும்?

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் படத்தின் பெயரைக் கொடுத்துத் தேடி, எம்பெக்4 பைலை டவுன்லோட் செய்யுங்கள். 1929 வரை வெளியான அமெரிக்கப் படங்களுக்கு அந்நாட்டில் காப்புரிமை 2025 ஜனவரி 1-க்குள் முடிந்துவிட்டது. நம் நாட்டில் சினிமாவுக்கு 60 வருடம்தான். ஆனால் பின்னாளில் சேர்த்த இசைக்குத் தனி உரிமை இருக்கலாம். எனவே வீட்டில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேகத்தைச் சரிசெய்ய

மௌனப் படங்களில் ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பல படங்கள் நொடிக்கு 16 முதல் 20 பிரேம் என்ற கணக்கில் எடுக்கப்பட்டவை. அவற்றை 24 பிரேமில் ஓட்டினால் வேகம் கூடத்தானே செய்யும்? வி.எல்.சி. பிளேயரில் இடது சதுர அடைப்புக்குறிக் கீயைத் தட்டினால் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வலது அடைப்புக்குறி கூட்டும். 18 பிரேமில் எடுத்த படத்துக்கு 0.75 சரியாக வரும். நல்ல பிரதிகளில் இதை ஏற்கெனவே சரிசெய்திருப்பார்கள். நடிகர்கள் இயல்பாக நடந்தால் கை வைக்க வேண்டாம்.

தமிழ் எழுத்து சேர்க்க

நடுநடுவே வரும் ஆங்கில எழுத்து அட்டைகளுக்குத்தான் தமிழ் தேவை.

1. படத்தை ஓட்டி, ஒவ்வோர் அட்டையும் தோன்றும், மறையும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. நோட்பேடில் யுனிகோடு தமிழில் இப்படி டைப் செய்யுங்கள்:

1
00:01:05,000 --> 00:01:09,000
கல்யாணப் பரிசாக வீடு வந்திருக்கிறது!

முதல் வரி வரிசை எண். இரண்டாவது வரி நேரம். மூன்றாவது உங்கள் தமிழ். பிறகு ஒரு வரி காலியாக விட்டு அடுத்த அட்டை.

3. சேவ் செய்யும்போது ஆல் பைல்ஸ் என்பதையும், என்கோடிங்கில் யு.டி.எப்.-8 என்பதையும் தேர்வு செய்யுங்கள். படத்துக்கு என்ன பெயரோ அதே பெயர். முடிவில் மட்டும் புள்ளி வைத்து எஸ், ஆர், டி என்ற ஆங்கில எழுத்துகள். இரண்டு பைலும் ஒரே போல்டரில் இருக்கட்டும்.

4. தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், வி.எல்.சி.யின் பிரிபரன்சஸ் பகுதியில் சப்டைட்டில்ஸ் சென்று எழுத்துருவை நிர்மலா யுஐ என மாற்றுங்கள்.

ஒரு யோசனை: வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்காதீர்கள். அட்டை மறைவதற்குள் படித்து முடிக்க வேண்டும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

மாமா வீட்டு ஹாலில் படத்தைப் போட்டேன். கடைசியில் அந்தக் கோணல் வீடு தண்டவாளத்தில் மாட்டிக்கொள்ளும். ரயில் ஒன்று பக்கத்து லைனில் உரசாமல் போய்விடும். பேத்தி பெருமூச்சு விட்டாள். மாமாவோ, "இர்ரா கண்ணு, எதிர் லைன்ல இன்னொண்ணு வரும் பாரு" என்றார். வந்தது, வீடு தூள் தூளானது! ராயபுரம் தண்டவாளத்தோரம் வளர்ந்தவருக்குத் தெரியாதா? வீட்டில் எல்லோருக்கும் முன்னால் முதலில் சிரித்தவர் அவர்தான்.

நமக்குப் புதிதல்ல

சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' தமிழ் உட்பட ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் எழுத்து அட்டைகளோடு வந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்குக் கொட்டகையில் ஒருவர் நின்று கதை சொல்வார். அந்தப் படம் இன்று இல்லை. நம் நாட்டில் ஆயிரத்துக்கும் மேல் எடுக்கப்பட்ட மௌனப் படங்களில் மிஞ்சியவை மிகச் சிலவே. 1933-ல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' அவற்றில் ஒன்று. அமெரிக்காவிலும் இதே கதைதான். மௌனக் கதைப் படங்களில் சுமார் 70 சதவீதம் அழிந்துவிட்டதாக அந்நாட்டு காங்கிரஸ் நூலகத்தின் 2013 அறிக்கை சொல்கிறது.

மிஞ்சியதையாவது நம் வீட்டுப் பெரியவர்கள் பார்க்கட்டுமே. நீங்கள் எழுதும் தமிழ் பைல் சில கேபிதான் இருக்கும். பென் டிரைவில் போட்டு அடுத்த வீட்டுக்கும் கொடுங்கள்.