கொல்லைக் கொட்டகையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

சங்க அலுவல் நிமித்தமாக நாம் நெய்வேலிக்குப் போய்வருவது புதிதன்று. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் அங்கே நாம் சொன்ன ஒரு யோசனையால், அங்கத்தினர் ஒருவருக்குப் பணமும் காலமும் நஷ்டமாயின. அந்த நஷ்டம் நேர்ந்த விதத்தையும், பின்னர் அது சீரான விதத்தையும் இங்கு எழுதுகிறோம். பிறர் கணக்கில் பிழை கண்டால் சிவப்பு மையால் குறிப்பது நமது உத்தியோகம். நமது பிழையை மட்டும் மறைத்து வைப்பது முறையாகாது.

நெய்வேலியைப் பற்றி அன்பர்கள் அறிவார்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் அவர்களின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிப்பட்டதும், 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டதும், மறு ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்ததும் நாடறிந்த செய்திகள். நாம் குறிப்பிடும் அங்கத்தினர் அச்சுரங்கத்தில் மண் வெட்டும் இராட்சதச் சக்கர இயந்திரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் நகரியத்துக் குடியிருப்பை ஒப்படைத்துவிட்டு, நகரிய எல்லைக்கு வெளியே சிறு வீடு கட்டிக்கொண்டார். கொல்லையில் ஒரு கொட்டகை. முதலில் பசு இருந்தது. பிறகு விறகும் பழைய சைக்கிள்களும் இருந்தன.

அவருடைய மனைவி நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், நல்ல குரல். சுற்று வட்டாரத்து முந்திரித் தோப்புகளிலும் வயல்களிலும் வேலை செய்து மூப்படைந்த பெண்கள் சிலர் மாலை வேளைகளில் அவரைத் தேடி வருவார்கள். தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி என்று அவர்களுக்குத் தெரிந்தவை ஏராளம். எழுதி வைத்தவர் எவருமில்லை. அவற்றை ஒழுங்காகப் பதிவு செய்து வைக்கவேண்டும் என்பது தம்பதிகளின் ஆசை. பெரியவர் நம்மிடம், “சார், ஆயுசு முழுக்க இரைச்சலிலேயே இருந்துட்டேன். ஒரு சின்ன அறையாவது சத்தமில்லாம அமைக்கணும்” என்றார்.

சிக்கன நாணயச் சங்கத்தில் அவர் வாங்கியது ஐம்பதாயிரம் ரூபாய். அதில் பெரும் பகுதி ஒலிவாங்கிக்கும் கணிப்பொறிக்கும் போயிற்று. அறைக்கு மீதியிருந்தது சொற்பம். அப்பொழுதுதான் நாம், முட்டை அடுக்கும் காகித அட்டைகளைச் சுவர் முழுவதும் ஒட்டினால் சத்தம் உள்ளே வராது என்று கேள்விப்பட்டதை, ஏதோ நேரில் சோதித்துப் பார்த்தவர் போலச் சொல்லி வைத்தோம். பட்டதாரி சொல்கிறாரே என்று அவரும் நம்பினார். கடை கடையாக அலைந்து, முந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகளைச் சேர்த்து, பசை தடவி ஒட்டினார். பதிவு தொடங்கிய முதல் நாளே அடுத்த வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டார் ஓடிற்று. பாட்டுக்கு அடியில் அந்த முனகல் முழுவதும் பதிந்துவிட்டது. காகமும் பேருந்தும் அவ்வாறே. மழைக்காலத்தில் அட்டைகள் ஈரம் கோத்துக் கரையானுக்கு இரையாயின.

அன்று பாடியவர்களில் மூத்தவர் ஒருவரை எல்லோரும் ஆயா என்றே அழைப்பார்கள். மற்றவர்களுக்குத் தெரியாத நீண்ட ஒப்பாரி ஒன்று அவருக்கு மட்டும் மனப்பாடம். “இன்னொரு நாள் வர்றேன், தம்பி. மோட்டாரை நிறுத்தி வையுங்க” என்று சிரித்துக்கொண்டே போனார். அவ்வாண்டே அவருக்குப் பக்கவாதம் கண்டது. இன்று அவர் பேசுகிறார், பாட இயலவில்லை. மோட்டார் முனகலோடு கூடிய அந்தப் பதிவு ஒன்றே இப்போது இருக்கிறது.

இதன் பிறகுதான் நாம் விஷயத்தை முறையாகப் படித்தோம். முன்பே செய்திருக்க வேண்டிய காரியம்.

அறைக்குள் எழும் ஒலி சுவர்களில் பட்டுத் திரும்பத் திரும்ப முழங்குவது ஒரு தொல்லை. வெளிச் சத்தம் உள்ளே வருவது வேறொரு தொல்லை. இரண்டும் ஒன்றென்று எண்ணியதே நாம் செய்த தவறு. முன்னதற்கு மெத்தென்ற பொருள் வேண்டும். பின்னதற்குக் கனமும், காற்றுப் புகாத மூட்டும் வேண்டும். ஒழுகும் கூரைக்குக் கீழே கோணிப்பையை விரித்தால் தரையின் ஈரத்தை அது உறிஞ்சும்; ஒழுக்கு நிற்குமா? முட்டை அட்டையோ கோணிப்பையாகக்கூட உருப்படியாக வேலை செய்யாது. அது மெல்லிய காகிதம். கீச்சொலிகளைச் சிறிது மட்டுப்படுத்தும். தாழ்ந்த முனகலை அது தொடுவதேயில்லை.

முழக்கத்தை அளந்து கணக்கிட்டவர் அமெரிக்காவில் ஹார்வார்டு சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த வாலஸ் சாபைன் என்பவர். 1895-இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவோரின் சொல் ஐந்து விநாடிக்கு மேல் முழங்கிக்கொண்டிருந்ததால் ஒன்றும் விளங்கவில்லை. சாபைன் அருகிலிருந்த நாடக சாலையின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் சுமந்து வந்து, ஒவ்வொன்றாகப் பரப்பி, முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். விடியுமுன் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். மெத்தைகள் பெருகப் பெருக முழக்கம் ஒரு விநாடிக்குச் சற்று அதிகம் என்ற அளவுக்கு இறங்கிற்று. பஞ்சும் துணியும் ஒலியை எவ்வளவு விழுங்கும் என்ற கணிதம் அந்த மெத்தைகளிலிருந்து பிறந்ததென்பது நெசவாளர்களாகிய நமது வாசகர்களுக்கு உவப்பான செய்தி. ஒலியை முற்றும் விழுங்கும் பொருளாக அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் எது தெரியுமா? திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்புவதில்லை. அப்படியானால் வெளிச் சத்தத்துக்கும் அதுவே இராஜபாட்டை என்பதை நாம் ஏனோ யோசிக்கவில்லை.

நாடாவை எடுத்துக்கொண்டு கொட்டகையை மறுபடி அளந்தோம். பன்னிரண்டு அடி நீளம், பத்தடி அகலம், ஒன்பதடி உயரம். ஒன்பது அங்குலச் செங்கற்சுவர். ஆனால் பூச்சு இல்லை. மேலே நெளிவுடைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு. சுவரின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே சுற்றிலும் சராசரி இரண்டு அங்குல இடுக்கு. சுற்றளவு 44 அடி. ஆகவே இடுக்கின் பரப்பு ஏழு சதுர அடிக்கு மேல். இரண்டரை அடிக்கு மூன்றடி ஜன்னல் ஒன்றை எந்நேரமும் திறந்து வைத்ததற்கு அது சமம்! இந்த ஜன்னலை வைத்துக்கொண்டு உள்ளே அட்டை ஒட்டியிருக்கிறோம்.

இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் சுவர் ஒலியைச் சுமார் 50 டெசிபல் குறைக்கவல்லது. டெசிபல் என்பது ஒலியின் அளவை. பத்து டெசிபல் குறைந்தால் நமது காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியாகத் தோன்றும். ஆனால் சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும் அந்த 50 என்பது 20-க்கு இறங்கிவிடும். மீதிச் சுவரை இரும்பாலேயே கட்டினாலும் 20-ஐத் தாண்டாது. இந்தக் கணக்கைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்போ மொதல்ல கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கணும்” என்றார். அவ்வளவே.

கருவிக்கு முன் அறை என்பதற்கு நமது நாட்டிலேயே பிரசித்தமான உதாரணம் உண்டு. ஏ. ஆர். ரகுமான் அவர்கள் 1989-இல் சென்னைக் கோடம்பாக்கத்தில் தமது வீட்டுப் பின்புறத்தில் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ என்ற பதிவுக் கூடத்தை அமைத்தார். அறை அமைந்தபோது உள்ளே குளிர்பதனப் பெட்டியும் ஓர் அலமாரியும் கம்பளமும்தான் இருந்தன, கருவி வாங்கப் பணமில்லை, தாயார் தம் நகைகளை அடகு வைக்கத் தந்த பிறகே முதல் பதிவுக் கருவி வந்தது என்று அவரே பேட்டியில் கூறியிருக்கிறார். 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் இசையும், அதற்குக் கிடைத்த தேசிய விருதும் அன்பர்கள் அறிந்தவையே. நெய்வேலிப் பெரியவரை அவரோடு ஒப்பிடுவது நமது கருத்தன்று. நகையை அடகு வைக்கும் நிலையிலும் அறையே முதலில் அமைந்தது என்பது கவனிக்கத் தக்கது. நமது யோசனையின்படி இங்கே அது தலைகீழாயிற்று.

இரண்டாம் முறை வேலை தொடங்கும்போது பழைய கடனில் பாதி நிலுவையிலிருந்தது. புதுக் கடன் வேண்டாமென்று பெரியவர் உறுதியாக மறுத்தார். கணிப்பொறியை விற்று, பேரனுடைய பழைய கணிப்பொறியை வாங்கிக்கொண்டார். கொத்தனார் முதலில் சுவரின் தலையை நெளிவுக்கு நெளிவு செங்கல் துண்டும் சாந்தும் வைத்து அடைத்தார். ஜன்னலைச் சாம்பல் செங்கல்லால் மூடினார். அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்த கல் அவ்வட்டாரத்தில் எளிதில் கிடைக்கிறது. பிறகு இருபுறமும் பூச்சு. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுக்கவோ துளைக்கவோ நாம் விடவில்லை. அதன் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. இதை எந்த வேலையிலும் அன்பர்கள் மறக்கலாகாது.

தகடு இலேசானது, அதனால் தடுக்க முடிவது சுவர் தடுப்பதில் பாதியே. அதற்கு அடியில் இரண்டாவது கூரை ஒன்று தேவைப்பட்டது. சுவருக்குச் சுவர் மரச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின் கீழே ஜிப்சம் பலகையை இரண்டு அடுக்காக, ஒன்றின் மூட்டு மற்றொன்றின் மூட்டின்மேல் வராதபடி பொருத்தினார் தச்சர். மேலே நான்கு அங்குலத்துக்கு ராக்வுல் எனப்படும் பாறைக் கம்பளி. புதுக் கூரை எவ்விடத்திலும் பழைய தகட்டைத் தொடவில்லை. தொட்டால் அதிர்வு இறங்கிவிடும். ஒரே சுவரின் கனத்தை இருமடங்காக்கினால் கிடைக்கும் இலாபம் ஐந்தாறு டெசிபல்தான். நடுவே காற்று இடைவெளி விட்டு இரண்டாகப் பிரித்து வைத்தாலோ அதைவிட மிகுதி. கதவுக்குப் பழைய தேக்குப் பலகை, சட்டத்தைச் சுற்றிலும் ரப்பர் பட்டை, அடியில் வாயிற்படி. உள்ளே விளக்கை ஏற்றி, இரவில் வெளியே நின்று ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பார்த்தோம். ஒளி தெரிந்த இடங்களில் எல்லாம் சாந்து பூசப்பட்டது.

இனி முழக்கம். பூசிய சுவர்களுக்கு நடுவே கைதட்டினால் அறை மணியடித்தது போல் ஒலித்தது. மரச் சட்டங்களில் நான்கு அங்குலப் பாறைக் கம்பளியை அடைத்து, துணி போர்த்தி, சுவரிலிருந்து சற்று விலக்கி மாட்டினோம். தாழ்ந்த ஒலி மூலைகளில் தங்கும் இயல்புடையது. அங்கே இருமடங்கு கனம் வைத்தோம். இந்தத் துணி விஷயத்தை நமது நெசவாளர் சங்கங்கள் கவனிக்கவேண்டும். கடையில் வாங்கிய பளபளப்பான துணியைப் பெரியவரின் மனைவி வாயருகே வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, “மூச்சு போகல, இது உதவாது” என்று தள்ளிவிட்டார். மூச்சுப் புகாத துணியில் கீச்சொலி பட்டுத் திரும்பும். கம்பளிக்குப் போய்ச் சேராது. நெருக்கமில்லாத கைத்தறிப் பருத்தித் துணியே பொருத்தமாயிருந்தது. தரையில் பவானி ஜமக்காளம் விரிக்கப்பட்டது. பதிவு அறைகள் ஊருக்கு ஊர் பெருகிவரும் இக்காலத்தில், இத்தகைய துணியை இதற்கென்றே நெய்து விற்க நமது சங்கங்கள் ஏன் முன்வரலாகாது? தீப்பற்றாத பக்குவம் செய்து தந்தால் இன்னும் நன்று. வைக்கோலையும் தென்னை நாரையும் வெறுமனே திணிக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். மின்கம்பி ஓடும் மூடிய அறையில் அது கூடாது.

காற்றுப் புகாத அறையில் மனிதர் எப்படி இருப்பது? கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலை அறிந்தவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். உண்மையில் இதுவே மிகக் கடினமான பகுதி. செலவும் இதில்தான் அதிகம். காற்று வரும் வழியும் போகும் வழியும் நேராயிருந்தால் சத்தமும் நேரே வரும். ஆகவே ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து, பாம்பு போல வளைவுகள் வைத்து, உட்புறம் கம்பளி ஒட்டி, சிறு விசிறியை வெளிக்கோடியில் பொருத்த வேண்டும். பணம் போதாமையால் ஒரு பெட்டிதான் அமைந்திருக்கிறது. குளிர்பதனப் பெட்டியைப் பாடும்போது நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு பாட்டுக்கு ஒரு முறை கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வந்து மோர் குடிக்கிறார்கள். வயதானவர்களை அதற்குமேல் உள்ளே அடைத்து வைக்க அம்மையார் சம்மதிப்பதில்லை.

மோட்டார் முனகல் பெரிதும் குறைந்தது. ஆனால் முற்றும் போகவில்லை. அது காற்றின் வழியே மட்டுமல்ல, தரையின் வழியாகவும் வருகிறது. தரையைப் பெயர்த்து மிதக்கும் தளம் போடுவது இவர்களுடைய சக்திக்கு அப்பாற்பட்டது. முடிவில் அடுத்த வீட்டாரிடம் போய்ப் பேசினோம். மாலை நான்கு முதல் ஐந்து மணி வரை மோட்டார் போடுவதில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவு செலவு செய்தபின் இந்த ஒரு மணி நேரம் காலணா இல்லாமல் கிடைத்தது. முன்பே கேட்டிருந்தால் ஆயாவின் பாட்டு சுத்தமாகப் பதிந்திருக்கும் என்று பெரியவர் சொன்னபோது நமக்கு மறுமொழி இல்லை.

சென்ற முறை போயிருந்தபோது கதவைச் சாத்தி ஒரு நடவுப் பாட்டைப் போட்டுக் காட்டினார். பாடுகிறவர் மூச்செடுப்பதும், வளையல் ஒன்று மற்றொன்றில் படுவதும் கேட்டன; வேறெதுவும் கேட்கவில்லை. இதுவரை நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டுகள் பதிவாகியிருக்கின்றன. ஆயாவும் வந்து உட்காருகிறார். தம்மிடம் கேட்டுப் பழகிய மருமகள் அந்த ஒப்பாரியைப் பாட, அடி தவறும் இடங்களில் கையைத் தூக்கி நிறுத்தித் திருத்துகிறார். கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி. கதவின் ரப்பர் பட்டை வெயிலில் காய்ந்து விரியத் தொடங்கியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் அதை மாற்றவேண்டும்.