பார்வை குன்றிய ஓவியர் பினோத் பிஹாரி



பார்வையிழந்த புலவர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். இரட்டைப் புலவர்கள் எனப்படும் இருவருள் ஒருவர் கண்ணில்லாதவர், மற்றவர் கால் இயலாதவர். அந்தகக்கவி வீரராகவ முதலியார் கடல் கடந்து வந்து பரராசசேகர மன்னன் அவையிற் பாடிப் பரிசில் பெற்றார் என்று யாழ்ப்பாணத்துப் பழைய மரபு சொல்லும். வடநாட்டிலே சூர்தாசர் இருந்தார். செவியும் நினைவும் இருந்தால் கவி பிறக்கும் என்பதை இவர்களைக் கொண்டு நாம் எளிதாக ஒப்புக்கொண்டு விடுகிறோம். ஆனால் ஓவியம் அப்படியன்று. அது கண்ணாற் கண்டு, கண்ணுக்காகவே ஆக்கப்படுவது. தன் பார்வை நாளுக்கு நாள் குறைந்து வருகிறது என்று அறிந்த ஓவியர் என்ன செய்வார்? உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட வினா இது. அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன்.

மேனாட்டிலிருந்து இதற்கு உதாரணம் காட்டுவோர் பெரும்பாலும் பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேயின் பெயரையே சொல்வார்கள். அவருக்குக் கண்புரை இருப்பது 1912இல் தெரியவந்தது. சத்திரசிகிச்சைக்கு அஞ்சிப் பத்தாண்டு காலம் கடத்தினார். 1923இல் ஒரு கண்ணிற் செய்துகொண்டு, மீண்டும் தூரிகை பிடித்தார். அவர் கதையில் வைத்தியம் ஓரளவு வென்றது. நான் சொல்லப்போகும் கதையிலே வைத்தியம் தோற்றது. அதனாலேயே இதைத் தேர்ந்தேன்.

பினோத் பிஹாரி முகர்ஜி 1904இல் கல்கத்தாவை அடுத்த பெஹாலாவிற் பிறந்தவர். ஒரு கண்ணிற் பிறவியிலேயே பார்வை இல்லை. மற்றக் கண்ணிலோ கடுமையான குறும்பார்வை. கிட்ட உள்ளது மட்டும் தெரியும், எட்ட உள்ளது மங்கும். இந்தக் குறையினாற் பாடசாலைக் கல்வி ஒழுங்காக நடக்கவில்லை. சாந்திநிகேதனுக்கு வந்து, 1919இல் கலாபவனத்திற் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசான் நந்தலால் போஸ். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இவன் எப்படி ஓவியனாவான் என்று நந்தலாலுக்கே ஐயம் வந்ததாம். தாகூரோ, அவன் ஒழுங்காக வந்து அக்கறையோடு வேலை செய்கிறானா என்று மட்டும் கேட்டு, அப்படியானால் விட்டுவிடுங்கள், அவனவன் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளட்டும் என்ற கருத்துப்படச் சொன்னார் என்பர். ஓர் ஆசிரியனாக இந்த இடத்திற் சற்று நிற்கத் தோன்றுகிறது. நந்தலாலின் ஐயம் கொடுமையானதன்று. நாங்களும் அப்படித்தான் ஐயுற்றிருப்போம். 1925இல் அந்த மாணவரே அங்கு ஆசிரியரானார்.

அவருடைய உச்சப் படைப்பு என்று பலரும் கருதுவது, 1946, 47ஆம் ஆண்டுகளில் சாந்திநிகேதனின் ஹிந்தி பவனத்திற் செய்த சுவரோவியம். மத்திய காலத்துப் பக்தர்களின் வாழ்வு அதன் பொருள். ஏறக்குறைய 80 அடி நீளம். நமது இராமானுஜர் அதில் இருக்கிறார். கபீர், துளசிதாசர், குரு கோபிந்த் சிங் இருக்கிறார்கள். கண்ணில்லாத சூர்தாசரும் இருக்கிறார்.

இந்த ஓவியத்தின் செய்முறையை விளக்கினால்தான் என் கருத்துப் புலப்படும். ஈரச் சுண்ணாம்புச் சாந்தின் மேல் வர்ணம் தீட்டும் முறை இது. சாந்து காயும்போது வர்ணம் அதனோடு ஒன்றிப்போகும். ஆகவே அன்றன்று பூசிய பகுதியை அது உலருமுன் தீட்டி முடிக்க வேண்டும். அழித்து எழுத இடமில்லை. இதனால் ஓவியர்கள் முதலிற் சுவரளவான கடதாசியில் முழுப்படத்தையும் வரைந்து, அதைச் சுவரில் ஒற்றி எடுத்துக்கொள்வார்கள். பினோத் பிஹாரி அப்படிச் செய்யவில்லை. சிறு மாதிரிப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு நேரே சுவரிலே வரைந்தார். ஒரு கண்ணால், அதுவும் மிக அருகில் நின்றுதான் பார்க்க முடியும் என்ற நிலையில், 80 அடிச் சித்திரத்தை ஒருசேரப் பார்ப்பது எங்ஙனம்? முழுமையும் அவர் மனத்திலே இருந்திருக்க வேண்டும். கை அறிந்தது அந்தந்த நாளின் பகுதியை மட்டுமே. உதவிக்கு நின்ற மாணவர்களுள் ஒருவர் கே.ஜி. சுப்பிரமணியன். கேரளத்திலே தமிழ்க் குடும்பத்திற் பிறந்த இவர் பின்னாளிற் பெரும் ஓவியரானார்.

1949இல் அவர் சாந்திநிகேதனை விட்டு நேபாள அரசின் அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்றுக் காட்மண்டு சென்றார். பின் ராஜஸ்தானில் ஆசிரியப்பணி, முசூரியில் மனைவி லீலாவுடன் ஒரு சித்திரப் பாடசாலை. பார்வை மேலும் குறைந்தது. இருந்த ஒரு கண்ணிலும் புரை படர்ந்தது.

கண்புரை என்பதை நம்மவர் பேச்சிற் ‘கற்றரக்ட்’ என்பர். கண்மணிக்குப் பின்னே பளிங்கு போல் இருக்கும் வில்லை மங்கிப்போவதே அது. இன்று அந்த வில்லையை நீக்கிச் செயற்கை வில்லை ஒன்றை உள்ளே வைத்து, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 1950களில் நிலைமை வேறு. லண்டனில் ஹரோல்ட் றிட்லி என்ற வைத்தியர் 1949இல் முதன்முதலாகச் செயற்கை வில்லை வைத்திருந்தார். எனினும் அது உலகெங்கும் பரவப் பல தசாப்தங்கள் சென்றன. அதுவரை வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த மூக்குக்கண்ணாடி கொடுப்பார்கள். அதிலும் கடுமையான குறும்பார்வைக் கண் நீண்டு வளர்ந்தது; அதன் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். வில்லையை எடுத்தபின் அது கழன்றுவிடும் அபாயம் மற்றையோரிலும் கூட. இரண்டு கண் உள்ளவருக்கு ஒன்று பிழைத்தால் மற்றது உண்டு. பினோத் பிஹாரி வைத்தியர் கையிற் கொடுத்தது இருந்த ஒன்றையே. 1956இல் சத்திரசிகிச்சை நடந்தது. அது பலிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதளவில் முழு இருள்.

இதன் பின்னரும் அவர் கலையை விடவில்லை என்பதை எழுதுவோர் பலர் ‘ஞானக்கண்’ பெற்றார் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தச் சொல் உவப்பானதன்று. அது இழப்பை மூடிவிடுகிறது; உழைப்பையும் மூடிவிடுகிறது. அவர் செய்தது மிகச் சாதாரணமான ஒன்று. விரலுக்கு எட்டக்கூடியவற்றைத் தேடினார். மெழுகைப் பிசைந்து சிறு உருவங்கள் செய்தார். கடதாசியை வெட்டி ஒட்டினார். இதன் நுட்பத்தைப் பாருங்கள். தூரிகைக் கோடு காய்ந்தபின் விரலுக்குத் தெரியாது. வெட்டிய கடதாசியின் விளிம்போ தெரியும். அந்த விளிம்பும் ஒரு கோடுதானே! மத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியரும் நோயுற்ற முதுமையிற் கடதாசி வெட்டினார். ஆனால் வெட்டியதைப் பார்க்க அவருக்குக் கண் இருந்தது.

இழந்ததையும் சொல்ல வேண்டும். முன்னர் அவர் கோவாய் என்னும் செம்மண் வெளியையும், வீர்பூம் நாட்டுப்புறத்தையும் நெடுஞ்சுருள்களில் வரைந்தவர். பிந்திய படைப்புகளிற் பெரும்பாலானவை மனித உருவங்களே. ஒரு மனிதனின் தோளைக் கை நினைவில் வைத்திருக்கும். தொடுவானத்தைக் கை எப்படி அறியும்?

1958இல் மீண்டும் கலாபவனத்திற் கற்பிக்க வந்தார். சித்திரம் வரையும் பிள்ளைகளுக்குப் பார்வையற்ற ஆசிரியர்! 1972இல், மாணவர்கள் துணைசெய்ய, கலாபவனச் சுவரொன்றில் மட்பாண்ட ஓடுகளால் பெரிய சித்திரம் ஒன்றை அமைத்தார். அதே ஆண்டில் அவரைப் பற்றிச் சத்யஜித் ரே ‘உள்விழி’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஒரு குறும்படம் எடுத்தார். ரே 1940களின் தொடக்கத்தில் அவரிடம் பயின்ற மாணவர். அழவைக்க முயலாத படம் அது. ஒரு மனிதர் வேலை செய்வதைக் காட்டும். கிடைத்தாற் பாருங்கள். 1974இல் இந்திய அரசு பத்மவிபூஷண் விருது வழங்கியது. வங்காளியில் அவர் எழுதிய தன்வரலாற்று நூல் ‘சித்ரகர்’. அதைப் பிற்காலத்தில் ஆங்கிலமாக்கியவர், ஹிந்தி பவனத்தில் உதவி செய்த அதே சுப்பிரமணியன்.

பினோத் பிஹாரி 1980இல் மறைந்தார். மகள் மிருணாளினி சிற்பியானார். சணற் கயிற்றை முடிச்சிட்டு முடிச்சிட்டு ஆளுயர உருவங்களை அவர் ஆக்கினார். அவரும் 2015இல் காலமானார். 2023இல் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. வங்காளப் பக்கம் யாத்திரை போகும் நேயர்கள் ஹிந்தி பவனத்துச் சுவரையும் ஓட்டுச் சித்திரத்தையும் ஒரே நாளிற் பார்த்துவிடலாம். முதலாவதைக் கிட்ட நின்றும் பாருங்கள். அதை வரைந்தவர் நின்ற தூரம் அதுதான்.