யலஞ்சி டோல்மா

யலஞ்சி டோல்மா என்பது துருக்கியிலும் அதன் அண்டை நாடுகளிலும் சமைக்கப்படும், இறைச்சி சேராத அடைத்த காய்கறி உணவாகும். துருக்கிய மொழியில் ‘டோல்மா’ என்றால் நிரப்பப்பட்டது. ‘யலஞ்சி’ என்றால் பொய்யன். இறைச்சி இருக்க வேண்டிய இடத்தில் தானியம் இருப்பதால் வந்த பெயர் இது. பால், முட்டை, நெய் எதுவும் சேராததால் இது நனிசைவ உணவும் ஆகும்.

குடைமிளகாய், கத்தரிக்காய், தக்காளி முதலியவற்றைக் குடைந்து நிரப்புவர். உள்ளீடு பெரும்பாலும் அரிசி; தென்கிழக்குத் துருக்கியில் புல்கரும் பயன்படுகிறது. முழுக் கோதுமையை அவித்து, உலர்த்தி, உடைத்தால் கிடைப்பது புல்கர். புழுங்கல் அரிசியைப் போல ஏற்கனவே அவிந்தது என்பதால் காய்க்குள் எளிதில் வேகும். சாதாரணக் கோதுமை ரவை அவிக்கப்படாதது, இதற்கு ஈடாகாது.

ஆறு குடைமிளகாய்க்கு ஒரு கோப்பை புல்கர் போதும். நறுக்கிய வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில் வதக்கி, புல்கர், தக்காளி விழுது, புதினா, மிளகுத்தூள், உப்பு, சிறிது மாதுளைப் பாகு சேர்த்துக் கிளறவேண்டும். முக்கால் பங்குதான் நிரப்பலாம். தானியம் ஊறிப் பெருகும். விளிம்புவரை திணித்தால் காய் கிழிந்துவிடும். காய்களைப் பாத்திரத்தில் நெருக்கமாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் சிறிது வெந்நீர் விட்டு, வெளியே பாதி உயரத்திற்கு நீர் ஊற்றி, மூடிச் சிறுதீயில் சுமார் 40 நிமிடம் வேகவைப்பர்.

புல்கருக்குப் பதில் கைக்குத்தல் அரிசியைப் பச்சையாக அடைப்பவர்களே அதிகம் ஏமாறுகின்றனர்: அரிசி வேகும் முன்பே காய் குழைந்துவிடும். அதைப் பாதி வேகவைத்து வடித்த பிறகே நிரப்பவேண்டும்.

ஆறிய பின் பரிமாறுவதே வழக்கம். இறைச்சிக் கொழுப்பைப் போல ஆலிவ் எண்ணெய் அறை வெப்பத்தில் உறைவதில்லை.