எக்செல் கணக்குக்குப் பாஸ்வேர்டு தொலைந்தால்?



கிண்டிப் பகுதிக் குழுக்கள் பலவற்றில் சேமிப்பு, கடன் கணக்கை எக்செல்லிலும் ஏற்றுகிறோம். கணக்கு எழுதியவர் வேலை மாறிப் போனதும், "பாஸ்வேர்டு தெரியலையே, இந்த மாசத் தவணையை எப்படி ஏத்துறது?" என்ற கேள்வி வருகிறது. பதறாதீங்க. எந்தப் பூட்டு என்று முதலில் பாருங்கள்.

1. ஃபைல் திறக்கிறது, எழுத மட்டும் விடவில்லையா? இது தாளுக்குப் போட்ட பூட்டு. கை தவறி அழிக்காமல் இருக்கத்தான் இது. கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிட்டு, கட்டங்கள் எல்லாவற்றையும் காப்பி செய்து புது ஃபைலில் பேஸ்ட் செய்யுங்கள். பெரும்பாலும் பூட்டு கூடவே வராது. மொத்தத் தொகைகளைப் பேரேட்டோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

2. ஃபைலே திறக்கவில்லையா? எக்செல் 2007 முதல் வந்த புது வகை ஃபைலில் இந்தப் பூட்டு கணக்கையே சங்கேதமாக மாற்றிவிடும். மைக்ரோசாஃப்ட் கம்பெனியாலும் பாஸ்வேர்டை மீட்டுத் தர முடியாது. பழைய நகலைத் தேடுங்கள். இல்லையென்றால் பேரேட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்ற வேண்டியதுதான். "உடைச்சுத் தர்றோம்" என்பவர்களிடம் கொடுத்தால் உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு எண்ணும் வெளியே போய்விடும்.

இனிமேல் பாஸ்வேர்டை எழுதி உறையில் ஒட்டி, ஊக்குநரும் பிரதிநிதிகளும் மேலே கையெழுத்திட்டுக் குழுப் பெட்டியில் வையுங்கள். பேரேடு எழுதுவதையும் நிறுத்தாதீங்க. பணம் எல்லோருடையது, சாவி ஒருத்தர் கையில் மட்டும் இருக்கக் கூடாது.