தெருப் பிள்ளைகள் செய்த காமிரா

ஒரு காமிராவின் விலை 1 கோடியே 44 லட்சம் யூரோ!

நம் பணத்தில் 100 கோடி ரூபாய்க்கு மேல். தங்கத்தில் செய்த காமிரா அல்ல. வைரம் பதித்ததும் அல்ல. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பழைய பிலிம் காமிரா. 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மனியில் நடந்த ஏலத்தில் அது விலை போயிற்று. அதற்கு முன் எந்தக் காமிராவும் அந்த விலைக்குப் போனது இல்லை.

அதன் பெயர் லைகா. நம்பர் 105. அதை வைத்திருந்தவர் ஆஸ்கார் பர்னாக். லைகாவைக் கண்டுபிடித்தவரே அவர்தான். அவர் பெயர் காமிராவின் தலையில் பொறிக்கப்பட்டு இருக்கிறது.

இந்தச் செய்தியைப் படித்த பலர், தங்கள் வீட்டுப் பரணில் ஏறித் தேடி இருப்பார்கள். தாத்தா வைத்திருந்த காமிரா கிடைக்காதா என்று! தேடியதில் தப்பு இல்லை. ஆனால் சிலர் பரணில் தேடாமல் சந்தையில் தேடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது.

பழைய காமிராவை வாங்கிப் பழுது பார்ப்பது இன்று பல நாடுகளில் பலருக்குப் பொழுதுபோக்கு. தபால்தலை சேர்ப்பது போல, பழைய நாணயம் சேர்ப்பது போல, இதுவும் ஒரு பித்து. பித்துப் பிடித்தவர்களை ஏமாற்றுவது சுலபம் அல்லவா? அவர்களை ஏமாற்ற ஆயிரக்கணக்கான போலி லைகாக்கள் உலகம் எங்கும் சுற்றிக் கொண்டு இருக்கின்றன.

ஆனால் அந்தப் போலிக்குள்ளே ஓர் உண்மைக் கதை இருக்கிறது. லைகாவின் கதையைவிட உருக்கமான கதை அது.

மூச்சுத் திணறியவர் செய்த காமிரா

முதலில் அசல் லைகாவைப் பார்ப்போம்.

அந்தக் காலத்தில் காமிரா என்றால் பெரிய மரப்பெட்டி. கண்ணாடித் தகட்டில்தான் படம் பிடிக்க வேண்டும். பெட்டி, தகடுகள், முக்காலி எல்லாவற்றையும் சுமக்க ஒரு ஆள் வேண்டும்.

பர்னாக், ஜெர்மனியில் வெட்சலார் என்ற ஊரில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். அது மைக்ராஸ்கோப் செய்யும் கம்பெனி. பர்னாக்குக்குப் படம் பிடிப்பதில் ஆசை. ஆனால் அவருக்கு ஆஸ்துமா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் மூச்சு வாங்கும்.

அவர் ஒரு யோசனை செய்தார். சினிமாப் படம் எடுக்க 35 மில்லி மீட்டர் அகலத்தில் சுருள் பிலிம் இருக்கிறதே! அதைச் சின்னக் காமிராவில் போட்டால் என்ன? சினிமாவில் ஒரு படம் பிடிக்கும் இடத்தைப் போல இரண்டு மடங்கு இடத்தில் ஒரு படம் பிடித்தார். அளவு 24-க்கு 36 மில்லி மீட்டர். 1914-ம் ஆண்டு வாக்கில் முதல் மாதிரி தயாராகி விட்டது.

உடனே முதல் உலகப்போர் வந்தது. காமிரா கிடப்பில் போயிற்று. 1925-ல்தான் லைப்சிக் நகரச் சந்தையில் விற்பனைக்கு வந்தது. ‘லைட்ஸ்’, ‘காமிரா’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து ‘லைகா’ என்று பெயர் வைத்தார்கள். சட்டைப் பையில் காமிரா! பத்திரிகைக்காரர்கள் பறந்து பறந்து வாங்கினார்கள்.

1932-ல் இரண்டாவது ரகம் வந்தது. அதில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் ஓர் உருவம் இரண்டாகத் தெரியும். லென்சைத் திருகத் திருக, இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் படம் தெளிவாக விழும் என்று அர்த்தம். இந்த இரண்டாவது லைகாவைத்தான் ரஷியா பார்த்தது.

தெருவில் திரிந்த குழந்தைகள்

அப்போது சோவியத் நாட்டில் லட்சக்கணக்கான குழந்தைகள் அனாதைகளாகத் தெருவில் திரிந்தார்கள். உலகப்போர் வந்தது. புரட்சி வந்தது. உள்நாட்டுச் சண்டை வந்தது. பஞ்சம் வந்தது. ஒவ்வொன்றும் பெற்றோரைக் கொண்டு போயிற்று. பிள்ளைகள் ரயில் நிலையங்களில் தூங்கினார்கள். திருடினார்கள். பிச்சை எடுத்தார்கள்.

அந்தப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கக் கார்க்கிவ் நகரத்துக்குப் பக்கத்தில் 1927-ம் ஆண்டு ஒரு விடுதி திறந்தார்கள். கார்க்கிவ் இன்று உக்ரேன் நாட்டில் இருக்கிறது. விடுதியை நடத்தியவர் அன்டன் மக்கரென்கோ என்ற பள்ளிக்கூட ஆசிரியர்.

பிள்ளைகள் ஒரு நாளில் 4 மணி நேரம் பட்டறையில் வேலை செய்ய வேண்டும். மற்ற நேரத்தில் படிக்க வேண்டும். வேலைக்குக் கூலி உண்டு. முதலில் மரவேலை செய்தார்கள். பிறகு துளை போடும் மின்சாரக் கருவி செய்தார்கள். அதற்கும் பிறகு, யாரும் நம்ப முடியாத ஒரு காரியத்தில் இறங்கினார்கள்.

லைகாவைப் போலவே ஒரு காமிரா!

மைக்ராஸ்கோப் செய்து கைதேர்ந்தவர்கள் செய்த பொருள் அது. தலைமுடி அளவு பிசகினாலும் படம் மங்கும். அதை நேற்று வரை பிக்பாக்கெட் அடித்துக்கொண்டு இருந்த பையன்கள் செய்யப் போகிறார்களாம்! சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் செய்தார்கள். 1934-ல் காமிராக்கள் வரிசையாக வெளிவரத் தொடங்கின.

அதன் பெயர் ‘பெட்’. ரஷிய மொழியில் மூன்று எழுத்து. பெலிக்ஸ் எட்மந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கி என்ற பெயரின் முதல் எழுத்துக்கள் அவை. விடுதிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அந்த ஜெர்ஜின்ஸ்கி யார் தெரியுமா? சோவியத் ரகசியப் போலீசை உண்டாக்கியவர்! பலரை நடுங்க வைத்த பெயர் அனாதைக் குழந்தைகள் செய்த காமிராவின் தலையில் ஏறியது. சரித்திரத்தில் இப்படியும் நடக்கிறது.

பின்னர் அது பெரிய தொழிற்சாலை ஆயிற்று. உலகப்போர் முடிந்த பிறகு, ‘பெட்’ காமிராவின் வழியில் மாஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு தொழிற்சாலை ‘ஜோர்க்கி’ என்ற காமிராவைச் செய்தது. இரண்டுமாக லட்சக்கணக்கில் வெளிவந்தன.

பெயரைச் சுரண்டினார்கள்!

1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. ஜனங்கள் கையில் பணம் இல்லை. வீட்டில் இருந்த பண்டங்கள் எல்லாம் சந்தைக்கு வந்தன. காமிராவும் வந்தது. வெளிநாட்டுப் பயணிகள் மலிவு விலையில் அள்ளினார்கள்.

அங்கே சில கில்லாடிகள் மூளையை உபயோகித்தார்கள். ‘பெட்’ காமிராவும் லைகாவும் அச்சு அசல் ஒன்று போல இருக்கின்றன. லைகாவுக்கோ பல மடங்கு விலை. என்ன செய்தார்கள்? ‘பெட்’ என்ற மூன்று எழுத்தைச் சுரண்டி எடுத்தார்கள். அந்த இடத்தில் ‘லைகா’ என்று பொறித்தார்கள்!

அதோடு விடவில்லை. ஹிட்லரின் விமானப்படைச் சின்னத்தைப் பொறித்தார்கள். 1936-ம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் வளையங்களைப் பொறித்தார்கள். தங்கமுலாம் பூசினார்கள். பாம்புத்தோல் போல உறை ஒட்டினார்கள். பார்க்கிறவன் மயங்கி விடுவான். மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கி, வீட்டுக்கு வந்து மனைவியிடம், “கோடி ரூபாய் சமாசாரம்!” என்று மார்தட்டியவர்கள் எத்தனை பேரோ!

அசலா, போலியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. லென்சைத் திருகிக் கழற்றுங்கள். காமிராவின் வாய்க்குள் மேல் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் தெரியும். லென்ஸ் திரும்பும்போது இதுதான் அதைத் தொட்டுக்கொண்டே போகும். அசல் லைகாவாக இருந்தால் அதன் முனையில் குட்டிச் சக்கரம் ஒன்று உருளும். ‘பெட்’டிலும் ஜோர்க்கியிலும் சக்கரம் இருக்காது. மீன் துடுப்பு போல ஒரு கெட்டியான துண்டு இருக்கும். ஏமாற்றுக்காரர்கள் வெளியே எதை வேண்டுமானாலும் பொறிப்பார்கள். உள்ளே இருக்கும் இதை மாற்ற மெனக்கெடுவது இல்லை.

லென்சைக் கழற்றிப் பார்க்க விடாத வியாபாரியிடம் வாங்காமல் திரும்பி வருவதே நல்லது. தங்கமுலாம் பூசிய லைகா குறைந்த விலைக்கு வந்தால், சந்தேகமே வேண்டாம். அது போலி.

துணியில் வானம் தெரியும்

‘பெட்’ காமிராவை ‘பெட்’ காமிரா என்றே தெரிந்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். புத்திசாலிகள். விலை குறைவு. பழுது பார்த்துப் பழக ஏற்றது. கெட்டுப் போனாலும் குடி முழுகிப் போகாது.

வாங்கும்போது இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். இந்தக் காமிராவுக்குள் இரண்டு துணித்திரைகள் உண்டு. ரப்பர் பூசிய துணி. பித்தானை அழுத்தினால் முதல் திரை ஓடும். இரண்டாவது திரை அதைத் துரத்திக்கொண்டு ஓடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகத்தான் வெளிச்சம் பிலிமில் விழுகிறது. 50, 60 வருஷத்தில் ரப்பர் காய்ந்து வெடித்துவிடும். லென்சைக் கழற்றிவிட்டு, காமிராவின் வாயை விளக்குப் பக்கம் திருப்பி, அடி மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். திரையில் ஓட்டை இருந்தால் நட்சத்திரம் போல மினுக்கும். சில காமிராக்களில் ஆகாயமே தெரியும்!

இந்த ஓட்டை வயதினால் மட்டும் வருவது இல்லை. காமிராவை லென்ஸ் மூடி போடாமல் வெயிலில் வைத்தால், லென்ஸ் பூதக்கண்ணாடி போல வேலை செய்யும். சூரிய ஒளியைக் குவித்துத் திரையில் பொத்தல் போட்டுவிடும்.

திரையை மாற்றுவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பெரிய வேலை. மேஜை மேல் வெள்ளைத்துணி விரித்துக் கொள்கிறார்கள். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றுகிறார்கள். எறும்புத் தலை அளவுதான் இருக்கும். ஒரு காகிதத்தில் காமிராவின் படம் வரைந்து, எந்தத் திருகாணி எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே வைக்கிறார்கள். தும்மினால் போச்சு!

பழைய திரையை உரிக்கும் முன் அதன் அளவை எழுதிக்கொள்ள வேண்டும். அதே அளவில் புதுத் துணியை வெட்டி, உருளையில் பசை போட்டு ஒட்ட வேண்டும். கோணலாக ஒட்டினால் திரை கோணலாக ஓடும். ஒரு ராத்திரி காய விட வேண்டும். அவசரக்காரருக்கு இந்த வேலை ஆகாது. பிறகு ஸ்பிரிங்கை முறுக்கி வேகத்தைச் சரி செய்ய வேண்டும். அதிகம் முறுக்கினால் வேகம் வரும் என்று சிலர் முறுக்கித் தள்ளுகிறார்கள். திரைதான் சீக்கிரம் கிழியும்.

இறுகிப்போன மசகைக் கரைக்க லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோல் உதவும். பக்கத்தில் அடுப்பும் குழந்தையும் இருக்கக் கூடாது.

நம் ஊர் ஈரக்காற்றில் லென்சில் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை போலத் தெரியும். ஆரம்பத்திலேயே துடைத்தால் போய்விடும். நாளானால் கண்ணாடியையே அரித்துவிடும். காமிராவைத் தோல் உறையில் போட்டுப் பூட்டி வைப்பது பலருக்குப் பழக்கம். அது தப்பு. தோல் ஈரத்தை உறிஞ்சிக் கொள்ளும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

ஜோடியைப் பிரிக்காதே

போருக்கு முன்னால் செய்த ‘பெட்’ காமிராக்களில் ஒரு விசித்திரம் உண்டு. அப்போது எல்லா லென்சும் ஒரே அளவாக வரவில்லை. பையன்கள் ஒவ்வொரு லென்சையும் ஒவ்வொரு காமிராவுக்கு என்று தனித்தனியாகப் பொருத்தினார்கள். அந்த லென்சை அதே காமிராவில் போட்டால் படம் கண்ணாடி போல விழும். வேறு ‘பெட்’ காமிராவில் போட்டால் மங்கலாக விழும்.

ஜோடி பிரிந்த காமிரா கிடைத்தால், பழுது பார்ப்பவர்கள் லென்ஸ் வளையத்துக்கு அடியில் மெல்லிய காகித வளையங்களை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைச் சரி செய்கிறார்கள். பல காமிராக்களைத் திறந்தால் அங்கே ஏற்கனவே காகிதம் இருக்கும். எப்போதோ கார்க்கிவில் ஒரு பையன் வெட்டி வைத்த காகிதமாக இருக்கலாம். அதைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

பிலிமுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். ஒரு காலத்தில் நம் ஊட்டியிலேயே பிலிம் தயாராயிற்று. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற சர்க்கார் தொழிற்சாலை 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் செய்தது. அது மூடப்பட்டு விட்டது. ஆனாலும் பர்னாக் தேர்ந்தெடுத்த 35 மில்லி மீட்டர் பிலிம் வெளிநாடுகளில் தயாராகிறது. 2024-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி புது பிலிம் காமிராவே வெளியிட்டது!

கடைப் பிலிமை அப்படியே ‘பெட்’டில் போட முடியாது. முதலில் அதன் நாக்கைக் கத்தரிக்கோலால் நீளமாக வெட்ட வேண்டும். அரைச் சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டினால் போதும். பிறகு காமிராவைத் தலைகீழாகப் பிடித்து, அடி மூடியைத் திறந்து, மேலே இருந்து சொருக வேண்டும். முதலில் பிலிமைத் திருக வேண்டும். அதற்குப் பிறகுதான் வேகத்தை மாற்றும் வளையத்தைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் குழப்பம்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, 36 படமும் எடுத்துவிட்டு, கழுவிப் பார்த்தால் ஒரு படம்கூடத் தெளிவாக இருக்காது. ‘பெட்’ வாங்கிய பலருக்கு முதல் சுருளில் இதுதான் நடக்கிறது. திரையைக் குறை சொல்வார்கள். காகித வளையத்தைக் குறை சொல்வார்கள். காமிராவை மறுபடி பிரித்துப் போடுவார்கள்.

காரணம் சின்னது. இந்த லென்ஸ் ஆமைத் தலை போல உள்ளே போய் வரும். சட்டைப் பையில் வைப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். படம் எடுக்கும் முன் அதை வெளியே இழுத்து, வலப்பக்கம் கொஞ்சம் திருகினால், இறுகி உட்காரும். அதை இழுக்கத்தான் மறந்திருப்பார்கள்.