சிட்னியில் சுங்கான் பிடிப்பது

ஆஸ்திரேலியாவின் பிரதமராக 1945 முதல் 1949 வரை இருந்த பென் சிஃப்லி, அரசியலுக்கு வருமுன் ரயில் எஞ்சின் ஓட்டியவர். பழைய படங்களில் அவரையும் சுங்கானையும் பிரித்துப் பார்ப்பது கடினம். அந்தப் பழக்கம் இன்று சிட்னியிலும் மெல்பர்னிலும் ஒரு சிலருக்கு மட்டும் பொழுதுபோக்காக மிஞ்சியிருக்கிறது.

சுங்கானின் உயிர் அதன் கிண்ணத்தில். நல்ல கிண்ணத்தை பிரையர் கட்டையில் கடைவார்கள். மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் தண்டு வேரோடு சேரும் இடத்தில், மண்ணுக்கடியில் ஒரு முண்டு பருக்கும். காட்டுத்தீயில் மேலே எல்லாம் கருகினாலும் செடி அதிலிருந்துதான் மறுபடி துளிர்க்கிறது. அந்த முண்டுதான் பிரையர். அதை வெட்டி, மணிக்கணக்கில் வேகவைத்துச் சாற்றை வெளியேற்றி, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே கடைசல்.

சிகரெட் மாதிரி இழுத்தால் கிண்ணம் கொதிக்கும், நாக்கு வெந்துவிடும். பழகியவர்கள் சிறுகச் சிறுக உறிஞ்சுவார்கள். முதல் தீக்குச்சியில் புகையிலை சுருண்டு மேலெழும்பும். அதைச் சிறிய உலோகக் கட்டையால் அமுக்கி மறுபடி பற்றவைக்க வேண்டும். எரியும்போது உண்டாகும் ஈரம் தண்டில் தேங்கிக் களகளக்கும். பஞ்சு சுற்றிய கம்பியை விட்டுத் துடைப்பார்கள். இதற்குப் போட்டிகூட உண்டு: 3 கிராம் புகையிலை, இரண்டே தீக்குச்சி, கங்கு அணையாமல் யார் கடைசிவரை இருக்கிறார் என்பதே பந்தயம். தேர்ந்தவர்கள் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறார்கள். புகையை நெஞ்சுக்குள் இழுக்காததால் ஆபத்தில்லை என்று சுங்கான்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்கள் இதிலும் வரும்.

சிட்னிக்குப் புகையிலை புதிதல்ல. ராக்ஸ் பகுதியில் 1994-ல் நடந்த அகழாய்வில் களிமண் சுங்கான் துண்டுகள் கிடைத்தன. நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் உள்ள டிக்சன் நூலகமே, புகையிலையில் பணம் பார்த்த குடும்பத்தின் வாரிசு வில்லியம் டிக்சன் சேர்த்த நூல்களில் பிறந்ததுதான்!

இன்று நிலைமை தலைகீழ். விக்டோரியாவின் மிர்ட்டில்ஃபோர்டு வட்டாரத்தில் புகையிலைச் சாகுபடி 2006-ல் முடிந்தது. 2012 டிசம்பர் முதல் எல்லாப் பொட்டலமும் ஒரே மங்கிய பழுப்பு. சேகரிப்பாளர்கள் ஆசைப்பட்ட படம்போட்ட டப்பாக்கள் கடையில் இல்லை. கிலோவுக்கு 2,000 டாலருக்கு மேல் வரி. 50 கிராம் வாங்கினால் வரியே 100 டாலரைத் தாண்டும். 2019 ஜூலை முதல் அனுமதியில்லாமல் தபாலில் வரவழைக்கவும் முடியாது. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிறவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது 25 கிராம், அதோடு பிரித்த பொட்டலம் ஒன்று.

சுங்கானுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. அதனால் இவர்களில் பலருக்கு இந்தப் பொழுதுபோக்கு மர வேலையாகவே மாறிவிடுகிறது: பழைய சுங்கானை வாங்கி, உள்ளே படிந்த கரியை ஒரு மில்லிமீட்டர் விட்டுச் சுரண்டி, ஆல்கஹாலில் தண்டைத் துடைத்து, மெழுகு பூசி வைக்கிறார்கள்.