உஷார்! எரரை அழித்தால் விற்பனையும் அழியும்

சாலாக் செலாத்தான் கடைவீடுகளில் கணக்கு பார்க்கும் தம்பி தங்கைகளே, மாதக் கடைசியில் முதலாளி ரிப்போர்ட் கேட்பார். பவர் பிஐயிலோ எக்செலிலோ உள்ள பவர் குவெரியை ரிஃப்ரெஷ் செய்தால் சில வரிசைகளில் 'எரர்' என்று விழும். பக்கத்திலேயே 'ரிமூவ் எரர்ஸ்' இருக்கும். தயவுசெய்து அதைத் தட்டாதீர்கள்!

அது பிழையைத் திருத்துவதில்லை. பிழை உள்ள வரிசையையே தூக்கி எறிகிறது. அந்த வரிசை ஒரு இன்வாய்ஸ். யாரோ உழைத்து விற்ற சரக்கு. மொத்தத் தொகை அழகாக வந்து நிற்கும். குறைந்தது யாருக்கும் தெரியாது.

தேதியைப் பாருங்கள். நாம் நாளுக்குப் பிறகுதான் மாதத்தை எழுதுகிறோம். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 13/04/2026 அதற்குப் புரியாது, எரர் காட்டும். 03/04/2026 மட்டும் புரிந்துவிடும், மார்ச் 4 என்று! ஏப்ரல் 3 விற்பனை சத்தமில்லாமல் மார்ச்சுக்குப் போய்விடும். இந்த நிலையில் எரரை அழித்தால் ஒவ்வொரு மாதமும் 13ஆம் தேதியிலிருந்து நடந்த வியாபாரம் மொத்தமும் போச்சு. மிஞ்சியதும் தப்பான மாதங்களில் சிதறிக் கிடக்கும். எரர் காட்டிய வரிசைதான் நமக்கு உண்மையைச் சொன்னது. அதையே அழிக்கலாமா? தேதிப் பத்தியின் வகையை மாற்றும்போது 'யூசிங் லொகேல்' போய் 'இங்கிலீஷ் மலேசியா' தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும்.

எரரே காட்டாத ஆபத்தும் உண்டு. பவர் குவெரி வழக்கமாக முதல் 200 வரிசையைப் பார்த்துத்தான் பத்தியின் வகையை முடிவு செய்கிறது. அதுவரை சென் வராவிட்டால் முழு எண் என்று வைத்துவிடும். பிறகு வரும் 12.40 ரிங்கிட் 12 ஆகிவிடும். அலோர் ஸ்டார் அஞ்சல் குறியீடு 05000 வெறும் 5000 ஆகும். இரண்டு தவணையில் பணம் கட்டிய இன்வாய்ஸைப் பணவரவுப் பட்டியலோடு இணைத்தால் அதே விற்பனை இரண்டு முறை எண்ணப்படும்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2020இல் இங்கிலாந்தில் பழைய எக்செல் கோப்பின் 65,536 வரிசை வரம்பால் 15,841 கோவிட் நோயாளிகள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போனார்கள். அவர்களோடு பழகியவர்களை எச்சரிப்பதும் தாமதமானது.

இப்போது ஏன் பதறுகிறேன்? 2026 ஜனவரி 1 முதல், ஆண்டு வியாபாரம் 1 மில்லியனிலிருந்து 5 மில்லியன் ரிங்கிட் வரை உள்ள கடைகளும் இ-இன்வாய்ஸுக்குள் வந்துவிட்டன. மாதம் முடிந்து 7 நாளுக்குள் ஒருங்கிணைந்த இ-இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும். வருமான வரி வாரியம் உறுதி செய்த பிறகு ரத்து செய்ய 72 மணி நேரம்தான். அதன்பின் கிரெடிட் நோட், டெபிட் நோட் என்று அலைய வேண்டும். தப்பான ரிப்போர்ட் இனி கடைக்குள்ளேயே முடிந்துபோகாது.

ஆகவே அனுப்புமுன் இரண்டே எண்களைப் பாருங்கள்: கணக்கு மென்பொருளில் எத்தனை இன்வாய்ஸ், மொத்தம் எவ்வளவு, ரிப்போர்ட்டில் எத்தனை, எவ்வளவு. ஒரு சென் இடித்தாலும் அனுப்பாதீர்கள். முதலாளியிடம் நேராகச் சொல்லி இன்னும் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள்.